குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் கிடந்த உறை

தலைவர் அவர்களே, தமிழ்ப் பள்ளி ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அம்மையார் அவர்களே, சமையலறையில் நின்றபடி கேட்கும் தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம். மரபணு மாற்றுப் பயிர் பற்றிச் சுவிஸ் சட்டம், ஆராய்ச்சி என்று இரண்டையும் பேசச் சொன்னார்கள். சட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். 1998இல் இந்தத் தொழில்நுட்பத்துக்குக் கடிவாளம் போடும் யோசனை வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஆராய்ச்சியாளர்களே தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு மக்கள் அந்த யோசனையைத் தள்ளிவிட்டார்கள். அப்புறம் கமக்காரர்களின் முறை: ஐந்து வருடத்துக்கு இந்தப் பயிரை விதைக்க விடக்கூடாது என்றார்கள். 1,00,000 கையெழுத்து இல்லாமல் இப்படி ஒரு யோசனை இங்கே வாக்கெடுப்புக்கு வராது, வாங்கினார்கள். 2005 நவம்பர் 27இல் 55.7 சதவீதம் ‘ஆம்’. ஒரு கன்டோன், அதாவது ஒரு மாநிலம்கூட எதிர்க்கவில்லை. ஐந்து வருடத்துக்கு என்று வந்த பயிர்த்தடையை நாடாளுமன்றம் நீட்டி நீட்டி, 20 வருடம் ஆகிவிட்டது.

அந்த நவம்பரில் என் வீட்டுக்கும் தபாலில் வாக்குச்சீட்டு உறை வந்தது. குடியுரிமை கிடைத்த முதல் வருடம். கடை விளம்பரத் தாள்களோடு குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் போட்டேன். ஞாயிறு கழிந்து செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போனால், வழக்கமாகக் கரட் விற்கும் அம்மா, நகக்கண்ணில் மண்ணோடு, “என்ன போட்டீர்கள்?” என்று கேட்டார். நான் பேசவில்லை. அவர் கரட்டைத் தராசிலேயே விட்டுவிட்டார். “குளிரில் இதே இடத்தில் நின்றுதான் கையெழுத்து வாங்கினோம். உங்கள் வீட்டில் சமைப்பது யார்?” என் அம்மா என்றேன். “அவரிடமாவது கேட்டீர்களா?”

வீட்டுக்கு வந்து கேட்டேன். யாழ்ப்பாணத்தில் வெங்காயத் தோட்டம் செய்தவர் என் அம்மா. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அந்தப் பயிரில் அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைக்கலாமோ?” நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வி, எங்கள் அடுப்படியோடு நின்றுபோனது.

ஆராய்ச்சிக்குத் தடை இல்லை. சூரிச்சில் உள்ள ரெக்கன்ஹோல்ட்ஸ் ஆய்வு நிலையத்தில் வேலி போட்டு மரபணு மாற்றுக் கோதுமை விதைத்தார்கள். 2008இல் முகமூடிக்காரர்கள் புகுந்து அழித்தார்கள். அது தப்பு. வாக்குரிமை உள்ள நாட்டில் முகமூடி எதற்கு? 2012இல் தேசிய ஆய்வுத் திட்டம், கேடு தென்படவில்லை என்றது. ஆனாலும் தடை நீண்டது. சரியா, பிழையா என்று நீங்கள் சொல்ல வேண்டும், வாக்குச்சீட்டில் எழுதிச் சொல்ல வேண்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். குடியுரிமை விண்ணப்பம் நிரப்ப ஆள் இருக்கிறது. அடுத்த உறை வந்ததும் கொண்டுவாருங்கள், பிள்ளைகள் தமிழில் விளக்குவார்கள். வாக்கு அட்டையில் கையெழுத்துப் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் தபாலில் போட்ட வாக்கு செல்லாது.