புதருக்குள் போய்வரும் முள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க ஏரிகளில் இருக்கும் பாஸ் என்கிற மீனைத் தூண்டிலில் பிடிப்பதைப் பற்றி 15 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் இதைச் சொன்னதும் என் மனைவி கேட்டார்: "பிடிச்ச மீனைப் பத்தியா, பிடிக்காத மீனைப் பத்தியா?" இரண்டாவது என்றால் 15 நிமிடம் போதாது.

நான் அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்து டாலஸில் கணினி வேலை பார்க்கிறவன். பிறந்தது கும்பகோணம் பக்கம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது விடிவதற்கு முன்னால் காரை எடுத்துக்கொண்டு கிழக்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டி லேக் ஃபோர்க் ஏரிக்குப் போய்விடுவேன். இங்கே ஏரி என்றால் அணை கட்டித் தேக்கிய நீர்தான். லேக் ஃபோர்க்கில் 1980இல் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள். சுமார் 27,000 ஏக்கர். தண்ணீர் ஏறியபோது உள்ளே நின்ற மரங்களில் ஏராளமானவற்றை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் பட்டுப்போன மரங்கள் சாம்பல் நிறத்தில் தண்ணீருக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும். பனி மூட்டத்தில் முதல் தடவை பார்த்தபோது ஏதோ சுடுகாட்டுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. பாஸ் மீனுக்கு அதுதான் மாளிகை.

நான் சொல்வது லார்ஜ்மவுத் பாஸ். பெயருக்கு ஏற்ற வாய். வாயை மூடியிருக்கும்போதே தாடையின் ஓரம் கண்ணைத் தாண்டிப் பின்னால் போய் நிற்கும். நம் ஊர் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், குணத்தில் விராலுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. இனத்தால் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் விரால் மாதிரியே இதுவும் ஓடித் துரத்துகிற மீன் அல்ல. மரத்தூரின் நிழலிலோ பாசியின் ஓரத்திலோ அசையாமல் நிற்கும், திண்ணையில் உட்கார்ந்தபடியே தெருவில் போகிறவரை வம்புக்கு இழுக்கிற ஆளைப் போல. இரை பக்கத்தில் வந்தால் வாயைத் திறக்கும், தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். கண் இமைக்கிற நேரம்தான். பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் துப்பியும் விடும். அப்படித் துப்பியதில் பாதி நமக்குத் தெரிவதே இல்லை.

ஆக, மீன் புதருக்குள் இருக்கிறது. வாய்க்காலில் கெண்டை பிடித்த பழக்கத்தில் முள்ளில் மண்புழுவைக் கோர்த்து, தக்கை கட்டி அங்கே வீசினால் என்ன ஆகும்? புதர்தான் வரும். முதல் வருடம் நான் பிடித்தவற்றை எடை போட்டிருந்தால் முக்கால்வாசி விறகாக இருந்திருக்கும்.

இங்கே தூண்டில் கடைக்குள் போனால் தலை சுற்றும். ஆயிரக்கணக்கில் செயற்கை இரைகள் சுவர் முழுக்கத் தொங்கும். புதிதாக வருகிறவர் அதையெல்லாம் மீனை ஏமாற்றுகிற வித்தை என்று நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்துக் காசைக் கொட்டினேன். இப்போது எனக்கு வேறு மாதிரி படுகிறது. அந்தச் சுவரில் தொங்குவதில் நல்ல சாமான் எல்லாம் ஒரே கேள்விக்குச் சொன்ன பதில்கள். முள்ளைப் புதருக்குள் அனுப்பிப் புதர் இல்லாமல் திரும்ப எடுப்பது எப்படி? இரை தவளை மாதிரி இருக்கிறதா, நண்டு மாதிரி இருக்கிறதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

இந்தக் கேள்விக்கு மனிதன் கண்டுபிடித்த மிக எளிமையான பதில் டெக்சஸ் ரிக் என்கிற கோர்ப்பு முறை. இதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1949இல் ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் நகரத்தில் நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவியும் வீட்டு அடுப்பில் வினைலையும் சாயத்தையும் காய்ச்சி, அச்சில் ஊற்றி, கைக்கு மெத்தென்று இருக்கும் பிளாஸ்டிக் மண்புழுவைச் செய்தார்கள். அது பிடித்துக்கொண்டது. பிறகு கிரீம் தன் தொழிலை டெக்சஸில் உள்ள டைலருக்கு மாற்றினார். லேக் ஃபோர்க்கிலிருந்து அந்த ஊர் ரொம்பத் தூரமில்லை. மரம் நிறைந்த கிழக்கு டெக்சஸ் ஏரிகளில் அந்தப் புழுவை வீசியவர்கள்தான் முள்ளின் நுனியைப் புழுவுக்குள்ளேயே மறைத்துவிடும் முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். டெக்சஸ் ரிக் என்று பெயர் வந்தது அப்படித்தான்.

கையில் புழு இருப்பதாக நினைத்துக்கொண்டு கேளுங்கள். முதலில் நரம்பில், அதாவது தூண்டில் கயிற்றில், துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் ஓர் ஈயத்தைக் கோர்க்க வேண்டும். கூர் பக்கம் மேலே. ஐந்து முதல் ஏழு கிராம் போதும். அப்புறம் முள்ளைக் கட்ட வேண்டும். இந்த முள்ளுக்குக் கழுத்தில் ஒரு வளைவு இருக்கும். நுனியைப் புழுவின் தலையில் அரை சென்டிமீட்டர் குத்தி, பக்கவாட்டில் வெளியே எடுத்து, புழுவைக் கழுத்து வளைவு வரைக்கும் மேலே தள்ளி, முள்ளைத் திருப்பி, நுனியை மறுபடி புழுவின் உடம்புக்குள் செருகிவிட வேண்டும். புழு நேராகத் தொங்க வேண்டும். இதில்தான் எல்லாரும் கோட்டை விடுவார்கள். கொஞ்சம் கோணினாலும் இழுக்கும்போது புழு பம்பரமாகச் சுற்றும், நரம்பு முறுக்கிக்கொள்ளும், மீன் சிரிக்கும். நேராக அமைந்துவிட்டால் கருவேலம் புதருக்குள் எறிந்தால்கூட வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மீன் கடித்து நாம் வெட்டி இழுக்கும்போதுதான் நுனி புழுவைக் கிழித்துக்கொண்டு தாடையில் ஏறும்.

எறிந்த பிறகு செய்ய வேண்டியது, பெரும்பாலும், ஒன்றுமில்லை. என் மாதிரி ஆட்களுக்கு அதுதான் கஷ்டம். புழு கீழே இறங்கும்போது நரம்பைத் தளர்வாக விட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடியில் பெரும்பகுதி அந்த இறக்கத்தில்தான் நடக்கும். சில சமயம் கையில் 'டக்' என்று யாரோ விரலால் சுண்டின மாதிரி இருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது. நரம்பு மட்டும் சத்தமில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்து போகும். ஈயம் தரையைத் தொட வேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே நரம்பு நின்றுவிட்டால், நடுவில் யாரோ வாங்கிக்கொண்டார் என்று அர்த்தம். தளர்வைச் சுற்றி எடுத்து, கம்பை ஓங்கி ஓர் இழு. கிளையாக இருந்தால் அவமானம், மீனாக இருந்தால் அன்றைய நாளுக்கு அது போதும்.

மற்றப் பதில்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜிக் என்பது ஈயத்தலை முள். நுனிக்கு முன்னால் துடைப்பக்குச்சி மாதிரி ஒரு கொத்து நார் நின்று கிளையைத் தள்ளிவிடும். ஸ்பின்னர்பெய்ட் வளைந்த கம்பி. மேல் கையில் பளபளக்கும் தகடு, கீழ்க் கையில் முள். கிளையில் மேல் கை முதலில் மோதிக் கீழே இருக்கும் முள்ளைக் காப்பாற்றும். சதுர மூக்கு வைத்த கிராங்க்பெய்ட் இன்னும் வேடிக்கை. அது மரத்தில் மோதுவதற்கென்றே செய்தது. மூக்கு மோதியதும் உடம்பு ஒருபக்கமாகத் துள்ளி விலகும். அந்தத் துள்ளலில்தான் பாஸ் பாய்ந்து அடிக்கும்.

தவளையை மட்டும் வேகமாகத் தாண்டிப் போக மனம் வரவில்லை. உள்ளே வெற்றாக இருக்கும் ரப்பர் தவளை. இரண்டு முள்ளும் மேல்நோக்கி அதன் முதுகை ஒட்டிப் படுத்திருக்கும். மீன் கடித்தால் ரப்பர் அமுங்கும், முள் வெளியே வரும். தண்ணீர் தெரியாத அளவுக்குப் பாசி மூடிய இடத்தில் அதை எறிந்து, குதிக்கவிட்டு, நிறுத்தி, மறுபடி குதிக்கவிட வேண்டும். எங்கள் ஊரில் உயிர்த் தவளையை முள்ளில் கோர்த்து விரால் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதே அல்ல. அங்கே நீளமான மூங்கில், இங்கே ஏழடிக் கார்பன் கம்பு, அவ்வளவுதான். பாசி வெடித்துத் தண்ணீர் தெறிக்கும்போது உடனே இழுக்கக் கூடாது என்கிற பாடமும் ஒன்றேதான். மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணி, கையில் கனம் தெரிந்த பிறகுதான் இழுக்க வேண்டும். ஊரில் சித்தப்பா எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது எட்டு வயது. இங்கே வந்து மறந்துபோய், முதல் நான்கு பாய்ச்சலிலும் தவளையை மீனின் வாயிலிருந்து நானே பிடுங்கிவிட்டேன்.

அந்தப் பாசியைப் பற்றி ஒரு வார்த்தை. லேக் ஃபோர்க்கில் பாஸ் பிடிக்கிறவர்கள் கொண்டாடுவது ஹைட்ரில்லாவை. பள்ளிக்கூடத்தில் பீக்கரில் புனலைக் கவிழ்த்து, மேலே சோதனைக்குழாய் வைத்து, குமிழி வருகிறதா என்று பார்த்தோமே, அதே ஹைட்ரில்லா. 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவுக்கு வந்து, ஆறு ஏரிகளில் தப்பிப் பரவிய செடி. மின்நிலையத்துக்கும் படகுக்கும் தொல்லை என்று அரசாங்கம் இதை அழிக்கப் பார்க்கிறது. தூண்டில்காரர்களோ மருந்தடிக்காதே என்கிறார்கள். படகு ஏற்றும் வண்டியில் ஒரு துண்டு ஒட்டியிருந்தாலும் அடுத்த ஏரிக்குப் போய்விடும். அதனால் கரையேறியதும் அதைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

சரி, நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலுக்கு வருவோம். புதரிலிருந்து கனமான மீனை இழுத்துவர பெய்ட்காஸ்டர் என்கிற உருளை ரீல்தான் வசதி. ஆனால் அது பழகுகிறவரைக்கும் ஆளை அழவைக்கும். சாதாரண ரீலில் நரம்பு சுற்றிய உருளை அசையாது. இதில் எறியும்போது உருளையே சுழலும். கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாளியைச் சடாரென்று விட்டால், அது தண்ணீரைத் தொட்ட பிறகும் ராட்டினம் சுற்றிக்கொண்டே இருக்கும், கயிறு தொளதொளவென்று விழும். அதேபோல இரை காற்றில் வேகம் குறைந்த பிறகும் உருளை பழைய வேகத்தில் சுற்றினால், ஒரு நொடியில் குருவிக்கூடு. இங்கேயும் பறவைக்கூடு என்றுதான் சொல்கிறார்கள். ஒருமுறை என் மேலாளரைக் கூட்டிக்கொண்டு போய், பெரிய வித்தைக்காரனைப் போல முதல் வீச்சு வீசினேன். அடுத்த முக்கால் மணி நேரம் அவர் மீன் பிடித்தார். நான் சிக்கெடுத்தேன்.

இதற்கு மருந்து மூன்று. கைப்பிடிப் பக்கம் இருக்கும் சின்னத் திருகை, இரையை மெல்லக் கீழே இறக்குகிற அளவுக்கு இறுக்குங்கள். இரை தரையைத் தொட்டதும் உருளை நின்றுவிட வேண்டும். மறுபக்கத்து பிரேக்கை ஆரம்பத்தில் நிறையவே வையுங்கள். மூன்றாவது கட்டைவிரல். எறியும்போது உருளையை இறகு மாதிரி தொட்டுக்கொண்டிருந்து, இரை தண்ணீரில் விழுவதற்கு ஒரு கணம் முன்னால் அழுத்தி நிறுத்த வேண்டும். கூடு விழுந்துவிட்டால் கத்தியை எடுக்காதீர்கள். கட்டைவிரலால் உருளையை நன்றாக அழுத்திக்கொண்டு கைப்பிடியை இரண்டு சுற்று சுற்றி, அப்புறம் நரம்பை இழுத்துப் பாருங்கள். பல கூடுகள் தானே கலைந்துவிடும். இதை எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை.

நரம்பைப் பற்றிச் சுருக்கமாக. நம் தங்கூஸ், அதாவது நைலான் நரம்பு, நீளும், கிட்டத்தட்ட மிதக்கும். ஃபுளோரோகார்பன் மூழ்கும், தண்ணீரில் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும், கடியைக் கைக்கு நன்றாகக் கடத்தும். புழுவுக்கு அதுதான். பின்னல் நரம்பு நீளவே நீளாது, பாசியை அறுக்கும். தவளைக்கு அதுதான். முடிச்சுக்கு பாலமார் ஒன்று தெரிந்தால் போதும். நரம்பை இரண்டாக மடித்து முள்ளின் காதில் நுழைத்து, சாதாரண முடிச்சுப் போட்டு, கண்ணியை முள்ளின் மேலாகக் கொண்டுவந்து இறுக்க வேண்டும். இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு ஈரமாக்க வேண்டும். காய்ந்த நரம்பில் சூடேறி வலு போய்விடும். என் வாழ்க்கையின் மிகப் பெரிய பாஸ் போனது நான் சோம்பேறித்தனப்பட்டு எச்சில் தொடாத முடிச்சில். எத்தனை பவுண்டு என்று கேட்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் கூடுகிறது.

நிறத்தைப் பற்றிக் கேட்பார்கள். புழுவுக்குக் கடையில் வைத்திருக்கும் பெயர்களைப் பார்த்தால் புடவைக் கடை தோற்றுவிடும். பூசணிப் பச்சை, தர்பூசணிச் சிவப்பு என்று போகும். தெளிந்த தண்ணீருக்குப் பச்சை, கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பு நீலம். மீதியெல்லாம் நமக்காகச் செய்தவை.

பிடித்த மீனை என்ன செய்வது? லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் நடுவே இருக்கும் பாஸை உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது விதி. சின்னதை எடுத்துக்கொள்ளலாம், வளர்கிறதைத் தொடக் கூடாது. விதி இல்லாத ஏரியிலும் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். இதற்கு ஒரு காரணம் அலபாமாவில் காப்பீடு விற்றுக்கொண்டிருந்த ரே ஸ்காட். 1967இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் பாஸ் போட்டி நடத்தி இந்தப் பொழுதுபோக்கை ஒரு விளையாட்டாக்கியவர். 1972இல் தன் போட்டிகளில் மீனை உயிரோடு எடைக்குக் கொண்டுவந்து திருப்பி விடும் பழக்கத்தை ஏற்படுத்தினார். விடும்போது கையை நனைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடிக்கலாம், பல் உப்புத்தாள் மாதிரிதான் இருக்கும். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தூக்கித் தொங்கவிடாமல் வயிற்றுக்கு ஒரு கை கொடுங்கள்.

இதெல்லாம் எங்கள் வீட்டில் எடுபடாது. "விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்து போயி, பிடிச்சு, திரும்பத் தண்ணியில விட்டுட்டு வந்தீங்களா?" என்பார் என் மனைவி. நான் அவரிடம் ஜார்ஜ் பெர்ரியின் கதையைச் சொன்னேன். 1932 ஜூன் 2, ஜார்ஜியாவில் மாண்ட்கோமரி ஏரி. அன்று அவர் பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், பத்துக் கிலோவுக்கு மேல். உலக சாதனை. பொருளாதார வீழ்ச்சிக் காலம், எடை பார்த்த பிறகு வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். "அவருதான் விவரமான ஆளு" என்றார் என் மனைவி. அந்த எடையை 77 வருடம் யாரும் தொடவில்லை. 2009 ஜூலையில் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிதா பிடித்தது அதைவிட ஓர் அவுன்சுக்கும் குறைவாகவே கூடுதல். பழைய சாதனையை முந்த இரண்டு அவுன்சாவது அதிகம் வேண்டும் என்பது விதி. அதனால் இருவர் பெயரும் சேர்ந்தே நிற்கிறது. குரிதா கட்டியிருந்தது உயிர் மீன். பீவாவில் பாஸ் வெளியிலிருந்து வந்து ஊர் மீனைத் தின்னும் மீன், அங்கே பிடித்ததைத் திருப்பி விடுவதற்குத்தான் தடை.

இன்னொன்றையும் சொல்லிவிட்டால் என் பேச்சு முடிந்தது. இவ்வளவு நேரம் புழு, தவளை, முடிச்சு என்று பேசினேன். டெக்சஸ் மாநிலத்தின் மிகப் பெரிய பாஸ், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் இதே லேக் ஃபோர்க்கில் கிடைத்தது. பிடித்தவர் அன்று பாஸ் பிடிக்கவே போகவில்லை. க்ராப்பி என்கிற சின்ன மீனுக்காக ஒரு பொடி மீனைக் கோர்த்துத் தண்ணீரில் இறக்கி வைத்திருந்தார்.

நன்றி, வணக்கம்.