மாரத்தான் காலையில் வியர்வைக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் மாரத்தான் ஓடப் போகிறவர்கள் என்னிடம் முழங்காலைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் இன்று வியர்வையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

மார்கழி மாதம், இருட்டோடு நேப்பியர் பாலத்துப் பக்கம் போய் நின்றால் காற்று இதமாகத்தான் இருக்கும். அதை நம்ப வேண்டாம். வியர்வை காய்ந்தால்தான் உடம்புச் சூடு இறங்கும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இங்கே வியர்வை காயாமல் வழிந்து ஓடுகிறது. அதனால், வறண்ட ஊரில் சுலபமாக ஓடிய அதே வேகத்துக்கு இங்கே இதயம் கூடுதலாகத் துடிக்கும்.

மெரினா சாலையோ மேடு பள்ளம் இல்லாதது. கூட்டமும் கைதட்டலும் சேர்ந்தால் கால் தானாகப் பறக்கும். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்று ஓடினால் மாரத்தானின் முழுத் தூரமான 42.195 கிலோமீட்டரை 5 மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். அப்படித் திட்டமிட்டவர் முதல் 10 கிலோமீட்டரை 6 நிமிட வேகத்தில் ஓடினால் 10 நிமிடம் மிச்சம். 30-வது கிலோமீட்டரைத் தாண்டியதும் அதற்கு வட்டியும் முதலுமாகக் கட்டுவார். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். கைக்கடிகாரத்தைவிட இந்தச் சோதனைதான் எனக்கு நம்பிக்கை.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். தாகத்துக்கு ஏற்றபடி, ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைப் பொடி கலந்த தண்ணீரும் சேர்த்துக் குடியுங்கள். வெயிலில் உடம்பு சிலிர்த்தாலோ தலை சுற்றினாலோ நின்று மருத்துவக் குழுவிடம் போய்விடுங்கள். மெடல் அடுத்த வருஷமும் கிடைக்கும். ஓட்டத்துக்கு நடுவே வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் சில மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

அப்புறம், சில்லறை விஷயங்கள். முந்தின இரவு பிரியாணி வேண்டாம், தயிர்சாதம் போதும். காலையில் இட்லியோ வாழைப்பழமோ, பழகியது எதுவானாலும் சரி. புது ஷூ, புது பனியன் இரண்டும் கூடாது. தொடை உரசும் இடத்தில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.

முடித்தவுடன் பொத்தென்று உட்காராமல் கொஞ்சம் நடங்கள். உப்புப் போட்ட மோர் குடியுங்கள். வீட்டுக்கு வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள்; யாரையாவது முன்கூட்டியே வரச் சொல்லி வையுங்கள்.

வணக்கம்.