அடிப்பிடித்த கஞ்சி

நேயர்களுக்கு வணக்கம். கஞ்சி அடிப்பிடித்துவிட்டால் வீடு முழுக்க ஒரு நாற்றம் வருமே, அது உங்களுக்குத் தெரியும். மேலாக அள்ளி ஊற்றினாலும் போகாது, உப்புப் போட்டாலும் போகாது. பள்ளி விடுதியில் குடித்த அப்படியொரு கஞ்சியை இருபது ஆண்டு கழித்தும் மறக்காமல் எழுதினார் சார்லட் பிரான்டே. 1847இல் வந்த அவருடைய ‘ஜேன் அயர்’ நாவலைக் கல்லூரியில் வருடாவருடம் நடத்தியவள் நான். கதையைவிட, அதற்குப் பின்னால் இருந்த அந்த விடுதிதான் என் மனதில் தங்கிவிட்டது.

வட இங்கிலாந்தில், லங்காஷயரில், கவன் பிரிட்ஜ் என்று ஒரு சின்ன ஊர். 1824இல் வில்லியம் கேரஸ் வில்சன் என்ற பாதிரியார், வசதி குறைந்த பாதிரிமார்களின் பெண் பிள்ளைகளுக்காக அங்கே பள்ளி தொடங்கினார். ஆண்டுக்கு 14 பவுன் கட்டணம். தாயில்லாத பிரான்டே வீட்டுப் பெண்கள், சார்லட்டும் சேர்த்து நான்கு பேர், அந்த ஆண்டே போய்ச் சேர்ந்தார்கள். மூத்தவள் மரியாவுக்குப் பத்து வயது, எமிலிக்கு ஆறு.

சாப்பாட்டைச் சொல்லுகிறேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி, பல நாள் அடிப்பிடித்தது. அரிசியை வேகவைத்தது எதில் தெரியுமா? கூரையிலிருந்து வடிந்து மரப்பீப்பாயில் தேங்கிய மழைத்தண்ணீரில். கூரைத் தூசியும் பழைய மரத்தின் வாடையும் அப்படியே சோற்றில் இறங்கும். பசியோடு தட்டைத் தள்ளிவைப்பது எவ்வளவு கொடுமை என்று விடுதியில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் மரியா. இதை மட்டும் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். மரியாவுக்கு உடம்பு சரியில்லை. விலாவில் பற்றுப் போட்டுத் தோலைக் கொப்புளிக்க வைப்பது அந்தக் கால வைத்தியம், அது போட்டிருந்தது. எழுந்திருக்கும் மணி அடித்தது. படுத்திருக்கச் சொல்லி மற்ற பெண்கள் கெஞ்சினார்கள். மரியா கேட்கவில்லை. குளிரில் நடுங்கியபடி, படுக்கையில் இருந்தபடியே, மெலிந்த வெள்ளைக் கால்களில் கறுப்புக் கம்பளிக் காலுறையை மெல்ல மெல்ல ஏற்றினாள். ஆசிரியை வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. புண்ணிருந்த பக்கத்துக் கையையே பிடித்து அறை நடுவில் இழுத்துவிட்டு, அழுக்குப் பிடித்தவள் என்று திட்டினார். மரியா, கொதித்துப்போயிருந்த தோழிகளை அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, மெதுவாகப் படியிறங்கினாள். நேரம் கழித்து வந்ததற்கு அதன்பிறகும் தண்டனை.

இதைச் சொன்னவர் சார்லட் அல்ல. அதே அறையில் இருந்த இன்னொரு மாணவி. பல ஆண்டு கழித்து, சார்லட்டின் வரலாற்றை எழுதிய எலிசபெத் கேஸ்கலிடம் சொன்னார். அந்தக் கறுப்புக் காலுறை அத்தனை வருடமும் அவர் கண்ணிலேயே இருந்திருக்கிறது, பாருங்கள்.

1825 மே மாதம் மரியா காசநோயால் இறந்தாள். ஜூனில் அடுத்தவள் எலிசபெத்.

1857இல் கேஸ்கலின் புத்தகம் வந்ததும் பெரிய சண்டை. பழைய மாணவிகளே இரண்டு பக்கமாகப் பிரிந்து எழுதினார்கள். நல்ல பள்ளி என்றார்கள் சிலர். அவர்களைப் பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன். 1825இல் பள்ளியில் பரவிய காய்ச்சலுக்குப் பிறகு அங்கே சாப்பாடும் கவனிப்பும் மேம்பட்டன, பின்னால் வந்தவர்கள் கண்டது அதைத்தான். ஆனால் பத்து மாதம் இருந்த குழந்தை சார்லட்டுக்கு என்ன தெரியும் என்றும் கேட்டார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டு அக்காக்களைப் பறிகொடுத்தது அந்தப் பத்து மாதத்தில்தானே! ‘பள்ளியை ஊர் இவ்வளவு சீக்கிரம் அடையாளம் காணும் என்று தெரிந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன், ஆனால் எழுதியது அத்தனையும் நான் இருந்தபோது உண்மை’ என்று சார்லட் கேஸ்கலிடம் சொல்லியிருக்கிறார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் காட்டுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் போன டன்ஸ்டல் தேவாலயத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சரி, சுருக்கமாக. ஞாயிறுதோறும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடை. கணப்பு இல்லாத தேவாலயம். காலை ஆராதனைக்கும் மாலை ஆராதனைக்கும் நடுவே, வாசலுக்கு மேலிருந்த சின்ன மாடி அறையில், கொண்டுபோன ஆறிய சாப்பாட்டைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வணக்கம்.