கேட்டவரே எழுதட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

ஓர் இசைத்தொகுப்புக்கு ஒரு சின்னப் புத்தகம் என்று ஆங்கிலத்தில் 2003 முதல் ஒரு நூல்வரிசை வருகிறது. எல்பி இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ தரம் சுற்றும். அந்த எண்தான் வரிசைக்கும் பெயர். அப்படியொரு வரிசை தமிழில் வந்தால் எழுதத் தகுந்தவர் இசை கற்றவரா, இசையோடு வாழ்ந்தவரா? இதுதான் வழக்கு. நான் வாழ்ந்தவர் பக்கம்.

எதிரணித் தலைவர் இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பை எடுத்து வைத்தார். 1986 இல் வந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மனிய இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்டது. "ராகமும் தெரியாது, மேற்கத்தைய சங்கீதமும் தெரியாது என்றால் இதைப் பற்றி என்னத்தை எழுதுவது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த நுணுக்கங்களை விளக்கும் நூல் கட்டாயம் வரவேண்டும். கற்றவர் எழுதட்டும், மருதனார்மடத்தில் இசை பயிலும் பிள்ளைகள் படிக்கட்டும். ஆனால் அது பாடநூல். இந்த வழக்கு அதைப் பற்றியதல்லவே!

அந்த ஆங்கில வரிசையிலேயே பாருங்கள். பிளாக் சபாத் குழுவின் 1971 ஆம் ஆண்டுத் தொகுப்பைப் பற்றி 2008 இல் எழுதியவர் ஜோன் டார்னியல். அவரே பாட்டுக் கட்டுபவர், மேடையில் பாடுபவர். கிற்றார் வாசிப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத அவரால் முடியும். என்ன செய்தார் தெரியுமா? மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்ட ஒரு பதின்வயதுப் பொடியனின் நாட்குறிப்பாக அந்தப் புத்தகத்தை எழுதினார். பொடியனின் கசற்றுகளைப் பறித்து வைத்திருக்கிறார்கள். "திருப்பித் தாங்கோ, இந்தப் பாட்டு எனக்கு ஏன் வேண்டும் என்று சொல்லுகிறேன்" என்று அவன் மன்றாடுவதுதான் நூல். நடுவர் அவர்களே, இசை தெரிந்தவரே பேனாவை எடுத்ததும் கேட்பவனின் கதிரையில் போய் இருந்தார். இதைவிட எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். 1990 இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள். பாட்டுக் கேட்க என்ன செய்தோம்? சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினோம். டைனமோவின் தலை ரயரில் உரசும். அதிலிருந்து இரண்டு வயர் ரேப் றெக்கோடருக்குப் போகும். கை சோர்ந்தால் பாட்டும் இழுபடும். பாடகரின் குரல் தடித்து, கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இறங்கும். "சுத்தடா!" என்று வீடே கத்தும். எந்த இடத்தில் வயலின் கூட்டமாக எழும், அதற்கு முன் எந்த இடத்தில் கையை மாற்றவேண்டும் என்பது சுற்றினவனுக்குத் தெரியும். கற்றவர் அதை இடையிசை என்று எழுதுவார். சுற்றினவனுக்கு அது தோள்மூட்டில் இருக்கிறது. அவன் எழுதும் பக்கத்தை வேறு யாரால் எழுத முடியும்?

இன்னொன்று. எங்களுக்கு 'தொகுப்பு' என்பது கொம்பனி வெளியிட்டது மட்டுமா? கசற்றில் பாட்டுப் பதிந்து தரும் கடையான றெக்கோடிங் பாருக்கு ஒரு துண்டில் பாட்டுகளை எழுதிக்கொண்டு போவோம். அறுபது நிமிடக் கசற், பக்கத்துக்கு முப்பது. அதற்குள் எது முதல், எது கடைசி, எதை விடுவது என்று ஒரு கிழமை யோசித்திருப்போம். ஆகவே தொகுத்தவனே கேட்டவன்தான். அந்தத் தொகுப்புக்கு நூல் எழுத வெளியிலிருந்து ஆள் கூப்பிடுவது எந்த ஊர் நியாயம்?

"அப்படியென்றால் யாரை எழுத வைப்பாய், பெயரைச் சொல்லு" என்று எதிரணி கேட்டது. சொல்லுகிறேன். இணுவில் தந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975 இல் மறைந்தார். அவருடைய ஒலிப்பதிவுகளுக்கு ஒரு நூல் என்றால் என் கனவு எழுத்தாளர் அ. முத்துலிங்கம். பக்கத்து ஊரான கொக்குவிலில் பிறந்தவர். சின்ன ஒரு விவரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிசனையே முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார். தவிலின் தாளச் சொற்கட்டு எண்ணுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். கோயில் வீதியில் விடிய விடியக் குந்தியிருந்த சனத்தின் முகத்தை எழுத அவர்தான் வேண்டும்.

இலங்கை வானொலியில் வந்த பாட்டுகளுக்கு? டொமினிக் ஜீவா. இன்று எங்களோடு இல்லை. ஆனாலும் கனவுக்குத் தடையில்லையே. முடிதிருத்தும் தொழிலைச் செய்துகொண்டே எழுதியவர், 1966 இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கியவர். சலூன் கதிரையில் இருக்கிறவன் எந்தப் பாட்டுக்குப் பேச்சை நிறுத்துகிறான், எந்தப் பாட்டுக்குக் கண்ணை மூடுகிறான் என்பதைக் கண்ணாடியில் பார்க்கக்கூடிய இடத்தில் நின்ற எழுத்தாளர் வேறு யார்?

"நினைவு பிசகும்" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். பிசகும், ஐயா. ஆனால் 1995 இடப்பெயர்வில் வீட்டோடு விட்டுவந்த கசற்றுகளுக்கு இன்று நினைவைத் தவிர என்ன ஆதாரம் இருக்கிறது? ராகத்தின் ஆரோகணம் நூறு வருடம் கழித்தும் புத்தகத்தில் இருக்கும். டைனமோ சுற்றினவர்களுக்கு இப்போதே ஐம்பது தாண்டிவிட்டது. வானொலிக்குப் பக்கத்தில் கொப்பியும் பென்சிலுமாக இருந்து பாட்டு வரிகளை எழுதின அக்காமாருக்கு எழுபது. இந்த மண்டபத்திலும் அவர்கள் இருக்கிறார்கள். முதல் புத்தகத்தை அவர்களில் ஒருவரிடம் கேட்டு வாங்குங்கள் என்று தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.