செஞ்சோற்றுக் கடனும் ஒரு கையெழுத்தும்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் என்றதும் பாடப்புத்தகம் இரண்டு பேரைத்தான் கொண்டுவந்து நிறுத்தும். ஒருவர் தலையை இழந்த அரசர் முதலாம் சார்லஸ். இன்னொருவர் அந்தத் தலையை வாங்கிய நாடாளுமன்றப் படைத்தலைவர் கிராம்வெல். இன்று நான் சொல்லப்போவது இந்த இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு நிலக்கிழாரின் கதை. பெயர் ரால்ஃப் வெர்னி. 1613-இல் பிறந்து 1696-இல் இறந்தவர். லண்டனுக்கு வடமேற்கே, பக்கிங்காம்ஷயரில் உள்ள கிளேடன் அவருடைய பரம்பரை ஊர்.

அவர் பெரிய தலைவர் இல்லை. பிறகு எப்படி அவரைப் பற்றி இவ்வளவு தெரிகிறது என்றால், காகிதத்தைத் தூக்கிப் போடத் தெரியாத மனிதர் அவர். வந்த கடிதங்களைக் கட்டிவைத்தார். தான் எழுதிய பதில்களுக்கும் நகல் வைத்துக்கொண்டார். அப்படிச் சேர்ந்த ஆயிரக்கணக்கான கடிதங்கள் கிளேடன் மாளிகையில் தப்பிப் பிழைத்தன. பல தலைமுறை கழித்து அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பார்த்தினோப், அவற்றைப் பிரித்துப் படித்துக் குடும்ப வரலாறாகத் தொகுத்தார். இந்தப் பார்த்தினோப் வேறு யாருமில்லை, ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் அக்காதான்.

அந்தக் காலத்து ஆங்கில நிலக்கிழாருக்கு அரசியல் ஒரு பிழைப்பு அல்ல. வருமானம் குத்தகையிலிருந்து வரும். ஊர் வழக்குகளைத் தீர்க்கும் நீதிபதி வேலை, வரி வசூல், படை திரட்டுவது, எல்லாம் இவர்கள் தலையில்தான். நாடாளுமன்றம் என்பது அரசர் கூப்பிட்டால்தான் உண்டு. சார்லஸ் 1629-இலிருந்து பதினோரு ஆண்டுகள் கூப்பிடவே இல்லை. பணமுடை கழுத்தை நெரித்தபின் 1640-இல் கூப்பிட்டார். அய்ல்ஸ்பரி தொகுதியிலிருந்து ரால்ஃப் போனார். அவருடைய அப்பா எட்மண்டும் வைகோம் தொகுதியின் உறுப்பினராகப் போனார்.

அவையில் ரால்ஃப் அதிகம் பேசவில்லை. மடித்த காகிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, நடப்பதைப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். 1642 ஜனவரி 4 அன்று அரசர் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு வந்து, ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய அவைக்குள்ளேயே நுழைந்தார். ஐவரும் முன்பே நழுவிவிட்டார்கள். அவைத்தலைவர் மண்டியிட்டு, ‘இந்த அவை சொல்லாமல் எனக்குப் பார்க்கக் கண்ணில்லை, பேச நாவில்லை’ என்று சொன்னாரே, அந்தப் பிரசித்தமான காட்சி இதுதான். அப்போதும் ரால்ஃபின் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. அவை நடவடிக்கைகளைக் குறிப்பதே விரும்பப்படாத காலம் என்பதை நினைவில் வையுங்கள்.

சரி, அதே ஆண்டில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் வந்தது. மகன் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றார். அப்பா எட்மண்டோ அரண்மனை அதிகாரி. நாட்டிங்ஹாமில் அரசர் போர்க்கொடி ஏற்றியபோது அந்தக் கொடியைத் தாங்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவருடைய மனநிலையை அவரோடு பழகிய கிளாரண்டன் பிரபு பதிவு செய்திருக்கிறார். அரசர் நாடாளுமன்றத்துக்கு விட்டுக்கொடுத்தால் நல்லது என்பதுதான் எட்மண்டின் எண்ணம். சண்டைக்கு முக்கியக் காரணமாக இருந்த பிஷப்புகள், அதாவது திருச்சபையை ஆண்ட மதத் தலைவர்கள் மீதும் அவருக்குப் பெரிய மரியாதை இல்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் அரசரின் சோற்றைத் தின்றாயிற்று, இப்போது கைவிடுவது ஈனத்தனம் என்றார். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் கர்ணனைப் பற்றிச் சொல்வோமே, அது இவர் வாயிலிருந்தே வருகிறது. 1642 அக்டோபர் 23-இல் எட்ஜ்ஹில் போரில் கொடியோடு மாண்டார். உடல் கிடைக்கவில்லை. கொடிக்கம்பைப் பிடித்தபடி வெட்டுண்ட கை மட்டும் கிடைத்ததாகக் குடும்பக் கதை. அந்தக் கையில் இருந்ததாகச் சொல்லப்படும் மோதிரம் இன்றும் கிளேடனில் இருக்கிறது.

எட்ஜ்ஹில் போருக்கு முன்பே, அரசர் பக்கம் நின்ற, அப்பாவின் பெயரையே கொண்ட தம்பி எட்மண்ட் ரால்ஃபுக்குக் காட்டமாக ஒரு கடிதம் எழுதினார். அரசருக்கு எதிராக நிற்பது பாவம், அதிலும் அப்பாவுக்கு இது எத்தனை வேதனை என்று யோசித்தாயா என்று கேட்டார். இத்தனைக்கும் அண்ணனோடு உறவை முறித்துக்கொள்ளவில்லை. அந்தத் தம்பியும் 1649-இல் அயர்லாந்தின் ட்ரோகடாவில் கொல்லப்பட்டார்.

இதுவரை கேட்டால் ரால்ஃப் வென்ற கட்சியில் இருந்தவர் மாதிரி தெரியும். அங்கேதான் திருப்பம். 1643-இல் ஸ்காட்லாந்தின் படை உதவி நாடாளுமன்றத்துக்குத் தேவைப்பட்டது. அதற்கு விலை ஓர் உடன்படிக்கை: பிஷப் ஆட்சியை ஒழிப்போம் என்று உறுப்பினர்கள் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். சகாக்கள் போட்டார்கள். ரால்ஃபின் மனசாட்சி ஒப்பவில்லை; போடவில்லை. பிஷப்புகளை மதிக்காத அப்பா அவர்கள் அணியில் செத்தார். அரசரை எதிர்த்த மகன் அந்த பிஷப்புகளை ஒழிக்கும் சத்தியத்தை மறுத்து எல்லாவற்றையும் இழந்தார். இரண்டு பெரிய கட்சிகள் மோதின என்று போரைக் கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்த வீடு ஒரு தொந்தரவு என்றே நினைக்கிறேன்.

ஸ்மித் என்ற பொய்ப்பெயரில் அவர் மனைவி மக்களோடு பிரான்ஸுக்குப் போய், ப்ளுவா நகரில் தங்கினார். 1645-இல் அவையிலிருந்து நீக்கினார்கள். அடுத்து நிலத்தின் வருமானத்தை முடக்கினார்கள். அப்பா விட்டுப்போனதோ கடனும் ஆறு பெண்களும். அவர்களுக்கான சீதனப் பணம் அரண்மனை தரும் வருமானத்தை நம்பி இருந்தது. அரண்மனையே இல்லாதபோது அது எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு டாம் என்ற ஊதாரித் தம்பி வேறு, பணம் கேட்டு எழுதும் கடிதங்களில் இலக்கியமே படைத்தவர்.

இந்தக் கதையில் உண்மையான அரசியல்வாதி யார் என்று கேட்டால் நான் ரால்ஃபின் மனைவி மேரியைத்தான் சொல்வேன். பெற்றோரை இழந்த, சொத்துள்ள பெண். பதின்மூன்று வயதில் பதினைந்து வயது ரால்ஃபுக்குக் கட்டிவைத்தார்கள். 1646-இன் இறுதியில், கர்ப்பிணியாக, சொத்தை மீட்க அவர் தனியாக லண்டனுக்கு வந்தார். மனுப் போட ஆண்களைவிடப் பெண்களே இப்போது பயன்படுவார்கள் என்று யோசனை சொன்னவர் குடும்ப மருத்துவரான ரால்ஃபின் தாய்மாமா டென்டன். கணவர் வந்தால் பிடித்துவைப்பார்கள், மனைவி வந்தால் கேட்டுத்தானே ஆகவேண்டும்! கமிட்டி கமிட்டியாக ஏறி இறங்கினார். இடையில் கிளேடனுக்குப் போய்ப் பார்த்து எழுதுகிறார்: வீட்டுத் துணிகளெல்லாம் நைந்து கிடக்கின்றன, இறைச்சி சுடும் கம்பிகளும் அடுப்பங்கரை இரும்புகளும் இனி உதவாத அளவுக்குத் துருவேறிவிட்டன என்று. 1647-இல் லண்டனில் பிறந்த ஆண் குழந்தை பிழைக்கவில்லை. அதே ஆண்டு ப்ளுவாவில் மகள் பெக்கும் இறந்தாள். 1648 ஜனவரியில் முடக்கம் நீங்கியது. கணவர் கையெழுத்துப் போடாமலே! 1650-இல் மேரி ப்ளுவாவில் காசநோயால் இறந்தார். உடலைப் பதப்படுத்தி கிளேடனுக்கு அனுப்பினார் ரால்ஃப்.

1653-இல் ஊர் திரும்பினார். இரண்டே ஆண்டில் அரசர் ஆதரவாளர் என்று சந்தேகித்து கிராம்வெல் ஆட்சி சில மாதங்கள் சிறையில் வைத்தது. அப்புறம் அரச ஆதரவாளர்களின் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு என்று வரி போட்டபோது இவரையும் சேர்த்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவர் அசரவில்லை. பொது நிலங்களை வேலியிட்டுப் பிரித்து, குத்தகையை உயர்த்திக் கடனை அடைத்தார். அதில் ஏழைக் குடியானவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது தனிக் கதை. ரால்ஃபைப் புகழ்கிறவர்கள் அதை வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

1661-இல், மன்னராட்சி திரும்பியதும், பேரனட் என்ற பரம்பரைப் பட்டம் வந்தது. இத்தனை பட்டும் மனிதருக்கு நாடாளுமன்ற ஆசை விடவில்லை. எழுபதைக் கடந்த வயதில் 1685-இலும் 1689-இலும் பக்கிங்காம் தொகுதியிலிருந்து தேர்வானார். அந்தத் தொகுதியில் வாக்குரிமை உள்ளவர்கள் மொத்தம் 13 பேர், நகர்மன்றத்தாரும் அதன் தலைவரும் மட்டும். ஒரே ஒருவர் மனம் மாறினாலும் தேர்தல் கவிழ்ந்துவிடும். விருந்து, மது, உபசாரம் என்று அந்தப் பதின்மூன்று பேரின் வீட்டுக் கதவைத் தட்டுவது, உடன்படிக்கைக்கு வளையாத அந்தக் கிழவருக்கு உறுத்தவே இல்லை. ஊரில் மதிப்புள்ளவர் என்பதற்கு அன்று அதுதான் அத்தாட்சி.

நன்றி, வணக்கம்.