மரக் கிண்ணத்துல குடிச்ச ராஜா

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு நான் அட்டிலாவைப் பத்திப் பேசலாம்னு வந்திருக்கேன். ஹூணர்களோட ராஜா, அஞ்சாம் நூற்றாண்டுல ரோம் சாம்ராஜ்யத்தோட ரெண்டு பாதியையும் தூங்க விடாதவன், பின்னாடி வந்தவங்க கடவுளோட சாட்டைன்னே அவனுக்குப் பேரு வச்சிட்டாங்க.

ஹூணர்கள் தங்களைப் பத்தி ஒரு வரி கூட எழுதி வைக்கலங்க. நமக்குத் தெரிஞ்சதெல்லாம் அவங்ககிட்ட அடி வாங்குனவங்க எழுதுனதுதான். அதுல அட்டிலாவை நேர்ல பாத்து, அவன் வீட்டு விருந்துல உக்காந்து சாப்பிட்டு எழுதுனவர் பிரிஸ்கஸ். 449ல கிழக்கு ரோமோட தலைநகரமான கான்ஸ்டான்டினோபிள்ல இருந்து போன தூதுக்குழுவுல அவரும் ஒருத்தர். அவரோட புத்தகம் முழுசா கிடைக்கல, துண்டு துண்டாதான் கிடைச்சிருக்கு, ஆனா அந்தத் துண்டுகளைப் படிச்சா அந்தக் காலத்துக்குள்ளயே நடந்து போற மாதிரி இருக்கும்.

போற வழியில நைசஸ்னு ஒரு ஊரு, இப்போ செர்பியாவுல இருக்கு. ஹூணர்கள் இடிச்சுப் போட்ட ஊரு. ஜனமே இல்ல, கோயில்கள்ல நோயாளிங்க சில பேரு மட்டும் கெடந்தாங்க. ராத்திரி தங்க ஆத்தங்கரையில இடம் பாத்தா கரை முழுக்க செத்தவங்க எலும்பு, அதனால கொஞ்சம் மேல தள்ளிப் போய் கூடாரம் போட்டோம்னு எழுதுறாரு. அட்டிலாவைப் பத்தி நல்லதா எதைச் சொல்றதுக்கு முன்னாடியும் அந்த எலும்புகளை நான் நெனச்சுக்குவேன்.

அவனுக்கு வேண்டியது ரோமாபுரி நிலம் இல்ல, தங்கம். 434ல அண்ணன் பிளெடாவோட சேர்ந்து ஆட்சிக்கு வந்தான், வந்ததும் வருஷக் கப்பம் 350 ராத்தலா இருந்தது 700 ஆச்சு, அந்த ஒப்பந்தத்தைக் கூட குதிரையை விட்டு எறங்காம பேசி முடிச்சாங்க. பிளெடா 445 வாக்குல செத்துட்டான், அட்டிலாதான் கொன்னான்னு சொல்றாங்க. கப்பம் அப்புறம் 2100 ராத்தல் ஆயிடுச்சு, நம்ம கணக்குல கிட்டத்தட்ட 690 கிலோ தங்கம், வருஷா வருஷம். கான்ஸ்டான்டினோபிள்ல பெரிய பெரிய குடும்பமெல்லாம் பொண்டாட்டி நகையையும் வீட்டுச் சாமானையும் கடைவீதிக்குக் கொண்டு வந்து வித்துதான் இதுக்குப் பணம் கட்டுனாங்க.

இவ்வளவு தங்கம் சேத்தவன் எப்படி இருந்தான்? விருந்துல வந்தவங்களுக்கெல்லாம் வெள்ளித் தட்டு, தங்கக் கிண்ணம். அட்டிலாவுக்கு மரத்தட்டு, அதுல வெறும் கறி, குடிக்க மரக் கிண்ணம். துணி சாதாரணமா ஆனா சுத்தமா இருந்துச்சாம், வாள்லயோ செருப்பு வார்லயோ ஒரு கல்லு கூட பதிக்கல. எனக்கு இது பெருசா படுது, ஏன்னா அவன் யாருக்கும் எதையும் காட்ட வேண்டிய நெலமையில இல்ல.

இன்னொன்னும் அங்க பாக்குறாரு பிரிஸ்கஸ். ராஜாவுக்கு அடுத்த எடத்துல இருந்த ஒனெகேசியஸ் வீட்டுல கல்லுல கட்டுன குளியல் வீடு. அந்தப் பக்கம் கல்லும் கெடையாது மரமும் கெடையாது, எல்லாம் வெளியூர்ல இருந்து கொண்டு வந்தது. கட்டுனவர் சிர்மியம்ங்கிற ரோமாபுரி ஊர்ல பிடிபட்ட கைதி, வேலை நல்லா முடிச்சா விட்டுருவாங்கன்னு நம்பிக் கட்டுனாரு. ஆனா அவரையே குளிக்க வர்றவங்களுக்குப் பணிவிடை செய்ய வச்சிட்டாங்க. பேரு கூட தெரியாத அந்த மனுஷனை என்னால மறக்க முடியல.

இதுல பிரிஸ்கஸுக்கே தெரியாத ஒரு சதியும் இருந்துச்சு. அட்டிலாவோட ஆள் ஒருத்தனுக்கு 50 ராத்தல் தங்கம் குடுத்து அட்டிலாவைக் கொல்ல கான்ஸ்டான்டினோபிள் அரண்மனையில ஏற்பாடு பண்ணியிருந்தாங்க, அந்த ஆளு நேரா போய் அட்டிலாகிட்டயே சொல்லிட்டான். அட்டிலா தூதர்களைக் கொல்லல. தங்கம் கொண்டு வந்த பையை ஓரெஸ்டஸ்ங்கிற தன் ஆள் கழுத்துல மாட்டி, சக்கரவர்த்தி முன்னாடி நின்னு இந்தப் பை யாருதுன்னு தெரியுதான்னு கேக்கச் சொல்லி அனுப்புனான்.

அப்புறம் 450ல மார்சியன் சக்கரவர்த்தியாகி கப்பத்தை நிறுத்திட்டாரு. 451ல அட்டிலா கால் நாட்டுக்குள்ள புகுந்தான், அதான் இன்னைக்கு பிரான்ஸ். கட்டலோனியச் சமவெளியில மேற்கு ரோமோட தளபதி ஏட்டியஸ் அவனைத் தடுத்தாரு, அவர் சின்ன வயசுல ஹூணர்கள்கிட்ட பணயக்கைதியா இருந்து வளந்தவரு, அவங்க சண்டை போடுற விதம் அவருக்கு அத்துப்படி. மறுவருஷம் இத்தாலி, அங்க அக்விலேயா ஊரே அழிஞ்சுது, ஆனா பஞ்சமும் நோயும் படையைத் தின்னுடுச்சு, போப் லியோவும் வந்து பேசுனாரு, திரும்பிட்டான். 453ல இல்டிகோங்கிற பொண்ணைக் கல்யாணம் பண்ண அன்னைக்கு ராத்திரியே மூக்குல ரத்தம் வழிஞ்சு செத்துப் போனான்.

திரும்ப அந்த விருந்துக்கே வர்றேன். பாட்டுப் பாடுறாங்க, வேடிக்கை காட்டுறாங்க, எல்லாரும் சிரிக்கிறாங்க, அட்டிலா முகத்துல மட்டும் ஒரு அசைவு இல்ல. அப்போ கடைசிப் பையன் எர்னாக் வர்றான். அவன் கன்னத்தைப் பிடிச்சுக் கிட்ட இழுக்குறான் அட்டிலா, கண்ணு அப்படியே கனிஞ்சு போகுது. பிரிஸ்கஸுக்கு ஆச்சரியம். பக்கத்துல இருந்தவன் லத்தீன்ல மெதுவா சொல்றான், இந்த வம்சம் விழுந்துடும், இந்தப் பையன்தான் திரும்ப நிமுத்துவான்னு குறி சொல்றவங்க சொல்லியிருக்காங்கன்னு.

அப்பா செத்ததும் புள்ளைங்க ராஜ்யத்துக்கு அடிச்சுக்கிட்டாங்க, அடங்கியிருந்த கூட்டமெல்லாம் எழுந்துச்சு, எல்லாக்ங்கிற மூத்த மகன் போர்ல செத்தான். எர்னாக் மிச்சம் இருந்த கொஞ்சம் ஜனத்தைக் கூட்டிக்கிட்டு, டான்யூப் முகத்துவாரம் பக்கம் ரோமாபுரி எல்லைக்குள்ளயே ஒரு ஓரத்துல குடியேறிட்டான்.