சுற்றும் வட்டம், நகரும் பட்டை: காத்திருப்பை மனம் எப்படி அளக்கிறது?

(திரையில்: பணம் அனுப்பும் செயலி. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.)

கடையில் நின்று போனில் பணம் அனுப்புகிறீர்கள். வட்டம் சுற்றுகிறது. பணம் போய்விட்டதா, நடுவில் மாட்டிக்கொண்டதா, மறுபடி அழுத்தலாமா? எதுவும் தெரியவில்லை. கடிகாரப்படி சில விநாடிகள்தான். கடைக்காரர் முகத்தைப் பார்த்தபடி நிற்பவருக்கு அது அத்தனை நீளம்.

கணினிக்காகக் காத்திருப்பதைப் பற்றி உளவியலாளர் ராபர்ட் மில்லர் 1968இலேயே எழுதினார். மென்பொருளை எளிதாகப் பயன்படுத்தும்படி அமைப்பதில் நிபுணரான ஜேக்கப் நீல்சன் 1993இல் அதை எளிதாக மூன்று எல்லைகளாகச் சொன்னார். 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 விநாடி வரை தாமதம் தெரியும், ஆனால் யோசனை அறுபடாது. 10 விநாடி தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும்.

சரி, வேலை முடிய உண்மையிலேயே நேரமாகும் என்றால்?

(திரையில்: வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் இரண்டு பட்டைகள், ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. ஒன்று கடைசியில் வேகமெடுக்கிறது, மற்றது கடைசியில் திணறுகிறது.)

இரண்டும் முடிய ஆகும் நேரம் ஒன்றுதான். ஆனால் கணினி ஆய்வாளர் கிறிஸ் ஹாரிசனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2007இல் இப்படிப்பட்ட பட்டைகளைக் காட்டிக் கேட்டபோது, கடைசியில் வேகமெடுப்பதுதான் சீக்கிரம் முடிந்ததாகப் பலருக்குத் தோன்றியது. முடியப்போகும் நேரத்தில் நின்றுபோவதுதான் மிகவும் எரிச்சலூட்டியது. 99 சதவீதத்தில் உறைந்துபோன பட்டையைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

2010இல் அவர்கள் இன்னொன்றையும் செய்து பார்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பட்டை வலப்பக்கம் வளர்கிறது. அதற்குள் இருக்கும் கோடுகள் இடப்பக்கம் ஓடுகின்றன. நின்றுகொண்டிருக்கும் ரயிலில் நாம் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து ரயில் பின்னால் நகர்ந்தால், நம் ரயில் கிளம்பிவிட்டது போல இருக்குமே, அதே மயக்கம்தான். காத்திருந்த நேரம் சுமார் 11 சதவீதம் குறைந்ததாக மக்கள் உணர்ந்தார்கள்.

இதையெல்லாம் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் பின்னால் நடக்கும் வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல் சும்மா நகரும் பட்டையை வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அது நம்பிக் காத்திருப்பவரிடம் சொல்லும் பொய்.

அப்புறம், அந்தக் கடை வாசலுக்கு வருவோம். அங்கே எந்தப் பட்டையும் உதவாது. வங்கியிடமிருந்து பதில் எப்போது வரும் என்று செயலிக்கே தெரியாது. அங்கே நிற்பவரை வாட்டுவது பணம் என்ன ஆனதோ என்ற சந்தேகம். அதற்குச் சொற்கள்தான் வேண்டும்.

(திரையில்: அதே வட்டம். அதன் கீழே இப்போது இரண்டு வரிகள்.)

“வங்கியின் பதிலுக்குக் காத்திருக்கிறோம். மறுபடி அனுப்ப வேண்டாம்.”